முதலெழுத்து அழிந்த பெயர்கள்

கணனியில் 'டைரக்டரி' எனப்படுவதற்குத் தமிழில் 'அடைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழகத்து அன்பர்களுக்கு இச்சொல் எவ்வாறு ஒலிக்கின்றதோ யானறியேன். இலங்கைத் தமிழருக்கு அடைவு என்றதும் நினைவில் எழுவது அடைவு கடைதான். பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் வெளிநாட்டுப் பயணச் செலவுக்கும் நம்மவர் வீட்டு நகைகள் சென்று உறங்கிய இடம் அது. இப்பெயரைத் தெரிந்தெடுத்தவர் அடைவு கடையை மனதிற் கொண்டிருக்க மாட்டார். ஆனால் ஆரம்பகாலத் தனிநபர் கணனிகளின் தட்டுகளில் கோப்புகள் எவ்வாறு வைக்கப்பட்டன என்பதை விளக்குவதற்கு அடைவு கடையை விடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

அடைவு கடைக்காரரின் இரும்புப் பெட்டிக்குள் இருப்பவை சிறு சிறு பொதிகள். அவற்றின் மேல் உரியவரின் பெயர் இராது. ஓர் இலக்கம் மட்டுமே இருக்கும். எந்த இலக்கம் யாருடைய நகை, என்றைக்கு வைக்கப்பட்டது, எத்தனை பவுண் என்பனவெல்லாம் அவரது பேரேட்டிலேதான் உள்ளன. பேரேடு தொலைந்தால் நகைகள் எங்கும் போய்விடுவதில்லை. பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆனால் எது யாருடையது என்று கூற எவராலும் இயலாது. ஒரு வாடிக்கையாளரின் பெயரைப் பேரேட்டில் வெட்டிவிட்டாலும் அவருடைய நகை அந்தக் கணத்தில் உருகிவிடுவதில்லை.

பலரும் கணனியின் அடைவை ஒரு பெட்டியாக, கோப்புகளைத் தனக்குள் அடக்கி வைத்திருக்கும் ஓர் உறையாக நினைத்துக் கொள்கின்றனர். திரையிற் காட்டப்படும் மஞ்சள் நிற உறையின் படமும் அந்த எண்ணத்தையே வளர்த்தது. உண்மையில் அடைவு ஒரு பேரேடு. அதற்குள் கோப்பு இல்லை. கோப்பின் பெயரும் அது இருக்கும் இடத்தின் இலக்கமும் மட்டுமே உண்டு. இந்த வேறுபாடு தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமே உரிய நுணுக்கம் என்று நான் ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். மனித உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் அது என்பதைப் பின்னர் தொழிலிலேதான் கண்டேன். அதனைப் பின்னர் கூறுகிறேன்.

1974 இல் கரி கில்டால் என்னும் அமெரிக்கர் சீ.பி.எம். எனப்படும் இயக்க முறைமையை உருவாக்கினார். எட்டு அங்குல நெகிழ்வட்டுகளின் காலம் அது. ஒரு தட்டில் 77 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 26 கூறுகள். ஒவ்வொரு கூறிலும் 128 பைட்டுகள். மொத்தம் இரண்டரை இலட்சம் பைட்டுகளுக்குச் சற்று அதிகம். இந்தத் தட்டின் ஒரு மூலையில் அடைவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் 64 பதிவுகளுக்கு இடமிருந்தது. ஒவ்வொரு பதிவும் 32 பைட்டுகள் நீளமுடையது. பெயருக்கு எட்டு எழுத்துகள். அது எவ்வகைக் கோப்பு என்பதைக் காட்டும் விகுதிக்கு மூன்று எழுத்துகள். எழுபதுகளில் வகுக்கப்பட்ட இந்த எட்டும் மூன்றும் என்ற கணக்கு உலகெங்கும் உள்ள கணனிப் பாவனையாளரை அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டது.

சீ.பி.எம். பதிவின் பிற்பாதியான 16 பைட்டுகளில் கோப்பு எந்தெந்த இடங்களில் உள்ளது என்ற இலக்கங்கள் எழுதப்பட்டன. ஓர் இலக்கம் ஒரு கிலோபைட் அளவான இடத்தைக் குறிக்கும். ஆகவே ஒரு பதிவில் 16 கிலோபைட் மட்டுமே அடங்கும். கோப்பு அதனை விடப் பெரியதானால் அதே பெயரில் இரண்டாவது பதிவு எழுதப்படும். கோப்பின் நீளத்தை 128 பைட்டுகள் கொண்ட கூறுகளாக மட்டுமே அதனால் எண்ண முடிந்தது. ஆதலால் ஒரு கட்டுரை எந்த எழுத்தில் முடிகின்றது என்பதைக் காட்ட, இறுதியில் ஒரு சிறப்புக் குறியீட்டை இடவேண்டியிருந்தது.

1980 இல் சியாட்டில் கொம்பியூட்டர் புரொடக்ட்ஸ் நிறுவனத்தில் ரிம் பற்றர்சன் என்ற இளைஞர் புதிய இயக்க முறைமையொன்றை எழுதினார். மைக்ரோசொவ்ற் அதனை வாங்கி 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணனிக்கு வழங்கியது. டொஸ் என்று நாம் அறிந்தது அதுவே. பற்றர்சன் எட்டும் மூன்றும் என்ற பெயர் முறையையும் 32 பைட் பதிவையும் வைத்துக்கொண்டார். ஆனால் கோப்பு இருக்குமிடங்களின் பட்டியலைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் மார்க் மக்டொனல்ட் 1977 இல் வகுத்திருந்த ஓர் உபாயத்தைப் பயன்படுத்தினார். கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளில் 'பற்' என்பர்.

பத்திரிகை வாசிப்பவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. முதற்பக்கத்தில் ஒரு செய்தி தொடங்கும். இடம் போதாதவிடத்து 'தொடர்ச்சி 6 ஆம் பக்கம்' என்று அடியில் இருக்கும். ஆறாம் பக்கத்தில் மீதியைத் தேடிப் படித்தால் அங்கும் 'தொடர்ச்சி 11 ஆம் பக்கம்' என்றிருக்கலாம். டொஸ் தட்டில் நிகழ்வதும் இதுவே. அடைவிலுள்ள பதிவு கோப்பின் முதல் துண்டு எங்குள்ளது என்று மட்டும் கூறும். அடுத்த துண்டு எங்கே என்பதை அட்டவணையிற் பார்க்க வேண்டும். அங்கே அதற்கடுத்த துண்டின் இலக்கம் இருக்கும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து சென்று, 'முற்றும்' என்ற குறியீடு வரும்போது கோப்பு நிறைவடைகின்றது. இந்த அட்டவணை சிதைந்தால் தட்டே பாழ் என்பதால் அதன் பிரதியொன்றையும் அருகிலேயே வைத்தார்கள்.

டொஸ் பதிவின் 32 பைட்டுகளை நான் ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்ததுண்டு. பெயருக்கு 8, விகுதிக்கு 3, கோப்பின் தன்மையைக் கூறும் குறிக்கு 1, பயன்படுத்தாது விடப்பட்டவை 10, நேரத்துக்கு 2, திகதிக்கு 2, முதல் துண்டின் இலக்கத்துக்கு 2, நீளத்துக்கு 4. அவ்வளவுதான். ஒரு மனிதர் மாதக்கணக்கில் எழுதிய நூலைப் பற்றித் தட்டின் பேரேட்டில் இருக்கும் குறிப்பு, தபாலட்டையின் முகவரிப் பகுதியை விடச் சிறியது.

திகதி பற்றி ஒரு சுவையான விடயம். டொஸ் ஆண்டுகளை 1980 இலிருந்து எண்ணத் தொடங்கும். 2107 வரைக்கும் அதனால் எண்ண முடியும். முதல் ஐ.பி.எம். கணனிகளில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லை. பின்னர் வந்தவற்றில் இருந்தது. ஆனால் மின்கலம் தீர்ந்துவிட்டால் அவற்றின் கதியும் அதுவே. இயக்குபவர் திகதியை உள்ளிடாது விட்டால் 1980 ஜனவரி 1 என்றே கணனி கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கணனியின் மின்கலத்தை மாற்றித் தருவதற்கு எவரும் முன்வரவில்லை. அதிலே தயாரான கட்டுரைகள் யாவும் 1980 ஆம் ஆண்டின் முதல் நாளிலே எழுதப்பட்டவை என்றே அடைவு சாதித்தது. ஆவணங்களின் திகதியை நம்பி வரலாறு எழுதுவோர் இதனைச் சற்று நினைவிற் கொள்ளல் நன்று.

ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டுகளில் பெருவழக்கிலிருந்தது 360 கிலோபைட் தட்டு. அதில் 512 பைட் கொண்ட 720 கூறுகள் உண்டு. முதற் கூறு கணனியை உயிர்ப்பிக்கும் நிரலுக்கு, அட்டவணைக்கும் அதன் பிரதிக்கும் நான்கு, அடைவுக்கு ஏழு. எஞ்சிய 708 கூறுகளே பாவனையாளருக்கு உரியவை. 362,496 பைட்டுகள் என்று திரையில் தோன்றும் அந்த எண் அக்காலத்தவர் பலருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும். அடைவுக்குரிய ஏழு கூறுகளில் 112 பதிவுகள் அடங்கும். பின்னர் வந்த மூன்றரை அங்குல 1.44 மெகாபைட் தட்டில் இது 224 ஆனது. ஒரு பக்கமேனும் வராத சின்னஞ்சிறு கோப்புகள் 112 ஐ எழுதிவிட்டால், தட்டில் மூன்றில் இரண்டு பங்கு இடம் வெறுமையாக இருப்பினும் 113 ஆவது கோப்பை எழுத இயலாது. பெட்டியில் இடமுண்டு, பேரேட்டில் வரியில்லை.

வேறு நிறுவனங்களின் கணனிகள் வேறு வழிகளில் சென்றன. அப்பிள் நிறுவனத்தின் இரண்டாம் கணனியில் 35 தடங்கள் கொண்ட தட்டின் நட்டநடுவே, 17 ஆம் தடத்தில், அடைவு இருந்தது. கொமடோர் 1541 இயக்கியிலும் 35 தடங்களின் நடுவே 18 ஆம் தடத்தில் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் வாசிப்புத் தலை அடைவுக்கும் தரவுக்கும் இடையே ஓடித்திரிய வேண்டியிருப்பதால், அடைவை நடுவில் வைத்தால் ஓட்டம் குறையும் என்பது அவர்களின் கணக்கு. கிராமத்தின் நடுவே தபாற்கந்தோரைக் கட்டுவது போல. டொஸ் அடைவோ தட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அப்பிளில் கோப்பின் பெயருக்கு 30 எழுத்துகள் வரை இடமுண்டு. ஐ.பி.எம். பாவனையாளர் எட்டு எழுத்துகளோடு மல்லுக்கட்டியபோது அப்பிள்காரர் வாக்கியமாகவே பெயரிட்டனர்.

இவை யாவற்றிலும் ஒரு குறை பொதுவாயிருந்தது. அடைவு ஒற்றைத் தளமாகவே இருந்தது. அடைவுக்குள் அடைவு இல்லை. நெகிழ்வட்டுக்கு அது போதுமானது. ஆனால் 1983 மார்ச்சில் ஐ.பி.எம். எக்ஸ்.ரி. கணனி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே பட்டியலில் வைத்திருப்பது எவ்வாறு? அக்கணனியுடன் வந்த டொஸ் 2.0 யுனிக்ஸ் முறைமையிலிருந்து மரவடிவ அடைவுகளைக் கடன்வாங்கியது. யுனிக்ஸ் அதனை, அறுபதுகளின் மல்ரிக்ஸ் என்னும் பெருங்கணனித் திட்டத்திலிருந்து பெற்றிருந்தது.

செய்த விதம் எளிமையானது. உப அடைவு என்பதும் ஒரு கோப்புத்தான். அதன் தன்மைக் குறியில் 'இது அடைவு' என்று ஓர் அடையாளம். அதனைத் திறந்தால் உள்ளே மீண்டும் அதே 32 பைட் பதிவுகள். பேரேட்டின் ஒரு வரி, இன்னொரு பேரேட்டின் இடத்தைக் காட்டுகின்றது. உப அடைவு கோப்பாக இருப்பதால் வேண்டிய அளவுக்கு வளரும். 112 என்ற எல்லை மூல அடைவுக்கு மட்டுமே. ஒவ்வோர் உப அடைவிலும் முதலிரண்டு பதிவுகள் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி எனும் பெயர்களைக் கொண்டிருக்கும். ஒற்றைப் புள்ளி தன்னைக் குறிக்கும். இரட்டைப் புள்ளி தாயடைவைக் குறிக்கும். பிள்ளைக்குத் தாயின் முகவரி தெரிந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. யுனிக்ஸில் பாதைகளைப் பிரிக்கும் சாய்கோடு டொஸில் ஏற்கெனவே வேறு தேவைக்குப் பயன்பட்டதால், அதனை எதிர்ப்புறமாகச் சாய்த்துவிட்டார்கள். விண்டோஸ் பாவிப்போர் இன்றைக்கும் அந்த எதிர்ச்சாய்கோட்டையே காண்கின்றனர்.

1984 இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணனி அழகிய உறைகளைத் திரையிற் காட்டியது. ஆனால் அதன் முதலாவது கோப்பு முறைமையில் அவை வெறுந் தோற்றமே; தட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலிலேயே கிடந்தன. 1985 இல் வந்த புதிய முறைமையே உறைகளை மெய்யாக்கியது.

இனி நம் கதைக்கு வருவோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டத்தை முடித்த கையோடு கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அங்கிருந்த கணனிகளில் டொஸின் மேல் விண்டோஸ் 3.1 இயங்கியது. பக்க வடிவமைப்பு பேஜ்மேக்கரில். திரையிலும் தாளிலும் தமிழ் அழகாக விழுந்தது. ஆனால் கோப்பின் பெயரைத் தமிழில் எழுத வழியில்லை. எட்டு ஆங்கில எழுத்துகளுக்குள் அடக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் என்பதை ஒருவாறு சுருக்கி எழுதினால் எட்டெழுத்தில் அச்சொட்டாக அடங்கும். மட்டக்களப்பு அடங்காது, 'மட்டு' ஆக்கினோம். தலையங்கத்தில் 'தலை' மட்டுமே மிஞ்சும். அதுவே ஆறு எழுத்துகளைத் தின்றுவிட, எஞ்சிய இரண்டில் திகதியைப் போடுவோம். மாதத்துக்கு இடமில்லை. மரண அறிவித்தல்களுக்கும் அவ்வாறே. மாதம் மாறியதும் பழைய தலையங்கத்தின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அதனைத் தவிர்க்க மாதத்துக்கொரு உப அடைவு வைத்தோம். நினைத்துப் பார்த்தால், எங்கள் பத்திரிகையின் நினைவாற்றல் முழுவதும் அந்த எட்டெழுத்துச் சுருக்கங்களை நினைவில் வைத்திருந்த ஒரு மனிதரிடமே இருந்தது. அவர் எங்கள் கணனி இயக்குநர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணை என்றழைப்பேன்.

கோப்பை அழிப்பது பற்றி எனக்குக் கற்பித்தவரும் அவரே. டொஸில் ஒரு கோப்பை அழிக்கும்படி கட்டளையிட்டால் இரண்டு காரியங்கள் நடக்கும். அட்டவணையில் அக்கோப்பின் துண்டுகள் யாவும் 'வெறுமை' எனக் குறிக்கப்படும். அடைவிலே கோப்பின் பெயரின் முதலெழுத்து மட்டும் மாற்றப்பட்டு, அவ்விடத்தில் 229 என்னும் எண் எழுதப்படும். மற்றைய ஏழு எழுத்துகள், விகுதி, திகதி, நீளம், முதல் துண்டின் இலக்கம் யாவும் அப்படியே இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்தை எவரும் தொடுவதில்லை. வேறொரு கோப்பு வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் வரை அது அங்கேயே கிடக்கும்.

அதென்ன 229? பதினாறின் அடியிலான எண்முறையில் அதனை ஈ5 என எழுதுவர். தொழிற்சாலையிலிருந்து வந்த எட்டு அங்குலத் தட்டுகள் முழுவதும் ஈ5 என்ற பைட்டினாலேயே நிரப்பப்பட்டிருந்தன. அதனால் சீ.பி.எம். அந்த எண்ணையே 'வெற்றிடம்' என்பதற்கு அடையாளமாகக் கொண்டது. புதிய தட்டொன்றின் அடைவு தானாகவே வெறுமையாகத் தோன்றும். டொஸ் அதனைச் சுவீகரித்தது. ஜப்பானிய எழுத்துக் குறியீட்டிலோ ஈ5 என்பது காஞ்சி எழுத்துகளின் முதற் பைட்டாக வரக்கூடியது. அத்தகைய பெயருடைய கோப்பு பிறக்கும்போதே இறந்ததாகக் கணிக்கப்பட்டுவிடும். ஆகவே அப்பெயர்களுக்கு மட்டும் ஈ5 க்குப் பதிலாக 5 என்ற எண்ணை எழுதி, வாசிக்கும்போது திருப்பி மாற்றிக்கொள்ளும் ஓர் ஒட்டுவேலையைச் செய்தார்கள். தமது எழுத்தைப் பற்றி எண்ணிப்பாராத ஒருவர் வகுத்த விதியால் ஏனைய மொழியினர் படும் பாடு இப்படியும் இருக்கும்.

அழித்ததை மீட்கலாம் என்பதைக் காட்டிப் பெயரும் பொருளும் ஈட்டியவர் பீற்றர் நோட்டன். 1982 இல் வெளிவந்த அவரது மென்பொருட் தொகுதியில் அதற்கான கருவி இருந்தது. 1991 இல் டொஸ் 5 உடன் மீட்புக் கட்டளையொன்றும் சேர்ந்து வந்தது. அதனை இயக்கினால் அழிக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொரு பெயரின் முதலெழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி. முதலெழுத்து என்னவென்று கணனி பாவனையாளரிடம் கேட்கும். ஏனெனில் அதற்குத் தெரியாது. இழக்கப்பட்டது அந்த ஒன்றே. எழுத்தைச் சொன்னால் கோப்பு எழுந்து வரும். துண்டுகள் அடுத்தடுத்து இருந்திருந்தால் முழுமையாக வரும். சிதறிக் கிடந்திருந்தால், 'தொடர்ச்சி எந்தப் பக்கம்' என்ற குறிப்பு போய்விட்டபடியால், பிற கோப்புகளின் துண்டுகளும் கலந்து வரக்கூடும்.

1997 அளவில் மட்டக்களப்பிலிருந்து எங்களுக்கு எழுதிவந்த செய்தியாளர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். அக்காலத்துப் பிராந்திய செய்தியாளர் பலரைப் போல, சொற்ப கொடுப்பனவுக்காகப் பேராபத்துகளைச் சுமந்தவர். கொழும்புக்கு வருபவர் எவரிடமாவது கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்தனுப்புவார். ஒருமுறை, ஊரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணனியிற் தட்டச்சு செய்வித்து, மூன்றரை அங்குல நெகிழ்வட்டொன்றை அனுப்பியிருந்தார். கொண்டு செல்லப்பட்டுக் காணாமற் போன இளைஞர்களின் தாய்மாரைச் சந்தித்து எழுதிய கட்டுரை அது. பெயர்கள் எவையும் கட்டுரையில் இல்லை. 'ஒரு தாய்', 'இன்னொரு தாய்' என்றே எழுதியிருந்தார்.

வெளியிலிருந்து வரும் தட்டுகள் எவற்றையும் அண்ணை பரிசோதியாமற் பயன்படுத்த மாட்டார். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வந்து பாரும்."

அடைவைப் பட்டியலிடும் கட்டளைக்கு ஒரேயொரு கோப்புத்தான் தெரிந்தது. மீட்புக் கட்டளைக்கு இரண்டாவதொன்றும் தெரிந்தது. கேள்விக்குறி ஒன்று, அதன் பின்னே எம், எம், ஏ என்ற மூன்று எழுத்துகள்.

"முதலெழுத்து என்னவெண்டு கேக்குது. என்ன போடுவம்?" என்றார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா என்பதை நம்மவர் ஆங்கிலத்தில் வேறெவ்வாறு எழுதுவர்? அண்ணை 'ஏ' என்ற எழுத்தைத் தட்டினார். தாய்மாரின் பெயர்கள், கிராமங்கள், வீட்டு அடையாளங்கள், அவர்களின் பிள்ளைகளை யார் எப்போது கொண்டு சென்றார்கள் என அவர்கள் கூறியவை யாவும் திரையில் வரிசையாக வந்து நின்றன. மாஸ்ரர் எச்சரிக்கையுள்ளவர். தட்டை அனுப்புமுன் அந்தப் பட்டியலை முறைப்படி அழித்திருந்தார். அவர் அறிந்த அளவில் அது அழிந்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரை எத்தனை சோதனைச்சாவடிகள் இருந்தன என்பதை அக்காலத்தில் அவ்வழியே பயணித்தவர்கள் அறிவர். ஒரு பயணியின் சட்டைப்பையில் அந்தத் தட்டு அத்தனையையும் கடந்து வந்திருக்கின்றது. எந்தச் சாவடியிலும் கணனி இருக்கவில்லை என்பது அத்தாய்மாரின் அதிர்ஷ்டம்.

கட்டுரையைப் பிரதியெடுத்த பின்னர் அண்ணை தட்டை வடிவமைத்தார். வெறுமனே வடிவமைத்தால் போதாது என்றும் விளக்கினார். டொஸ் 5 முதற்கொண்டு, சாதாரண வடிவமைப்புக் கட்டளை அடைவையும் அட்டவணையையும் வெறுமையாக்கி, தரவை விட்டுவிடும். நிபந்தனையின்றி வடிவமைக்கும்படி தனியே கூறினாலே தட்டு முழுவதும் மீள எழுதப்படும். அதனையும் செய்து, பின்னர் தட்டைக் கத்தரிக்கோலால் வெட்டியும் போட்டார்.

சில மாதங்களின் பின் மாஸ்ரர் கொழும்புக்கு வந்தபோது நேரில் இதனைச் சொன்னோம். நீண்ட நேரம் பேசாதிருந்தார். பின்னர், "முப்பது வருஷம் கரும்பலகையில எழுதி அழிச்சனான். அழிச்சால் அழிஞ்சதுதான் எண்டு நினைச்சிட்டன்" என்றார். அதன் பிறகு அவர் தட்டு எதுவும் அனுப்பவில்லை. பெயர்களை எதிலும் எழுதுவதையே விட்டுவிட்டதாகப் பின்னாளிற் கூறினார். அவையெல்லாம் அவரது மனதில் இருந்தன. அவர் காலமாகிவிட்டார்.

இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வு 2005 பெப்ரவரியில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்தது. விச்சிற்றா நகரில் 1974 முதல் பத்துப் பேரைக் கொன்றுவிட்டு மூன்று தசாப்தங்களாகப் பிடிபடாதிருந்தவன் டெனிஸ் ரேடர். ஊடகங்களுக்குக் கடிதம் எழுதி மகிழ்வது அவனது வழக்கம். நெகிழ்வட்டில் எழுதி அனுப்பினால் தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பொலிஸாரிடமே அவன் கேட்டான். பயமில்லை என்று பத்திரிகை விளம்பரம் மூலம் அவர்கள் பதிலளித்தனர். அவனும் நம்பி, ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குத் தட்டை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்ட கோப்பொன்று கிடந்தது. அதனை மீட்டபோது, உள்ளே ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டெனிஸ்' என்ற பெயரும் இருந்தன. சில நாட்களுள் அவன் கைதானான். அதே ஆண்டு ஆகஸ்டில் பத்து ஆயுட்தண்டனைகள் விதிக்கப்பட்டன.

கொலைகாரனைக் காட்டிக்கொடுத்ததும், நல்லாசிரியர் ஒருவரை நம்பிப் பேசிய தாய்மாரைக் காட்டிக்கொடுக்கவிருந்ததும் ஒரே ஏற்பாடுதான். பேரேட்டில் வரியை வெட்டுவது இலகுவானது, விரைவானது என்பதற்காகப் பொறியியலாளர் செய்த சிக்கன ஏற்பாடு. அதற்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது.

1995 இல் விண்டோஸ் 95 வந்தபோது எட்டெழுத்துச் சிறை உடைந்தது என்றார்கள். உண்மையில் சிறை உடையவில்லை. பக்கத்து அறைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நீண்ட பெயரைத் துண்டாக்கி, ஒரு துண்டுக்கு 13 எழுத்துக் குறியீடுகள் வீதம், அதே 32 பைட் பதிவுகள் பலவற்றில் எழுதினார்கள். பழைய நிரல்கள் அவற்றைக் கண்டு மிரளாதிருக்க, ஒருபோதும் ஒன்றாக வராத தன்மைக் குறிகள் யாவற்றையும் அப்பதிவுகளுக்குச் சேர்த்து இட்டார்கள். பழைய நிரல்கள் அவற்றைக் கண்டும் காணாததுபோற் சென்றன. எட்டெழுத்துச் சுருக்கப் பெயரும் அருகிலேயே தொடர்ந்து இருந்தது.

அந்தத் துண்டுகளில் எழுதப்படுபவை யுனிகோட் குறியீடுகள் என்பது நமக்கு முக்கியமானது. 2000 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோட்டைத் தாங்கியது. கோப்புக்குத் தமிழிற் பெயரிடலாம் என்றாயிற்று. யாழ்ப்பாணம் என்ற சொல் நமக்கு ஆறெழுத்து. யுனிகோட்டில் அது 11 குறியீடுகள். பதின்மூன்றுக்குள் அடங்கிவிடும், ஒரே பதிவில் முழுமையாக எழுதலாம். முதன்முதலில் ஒரு கோப்புக்கு அவ்வாறு தமிழில் பெயரிட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, என் பெயர் முதன்முதல் அச்சில் வந்தபோது ஏற்பட்டதை ஒத்திருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று இளைய ஊடகவியலாளர்கள் எண்ணிவிடக் கூடாது. நெகிழ்வட்டு மறைந்துவிட்டது, அடைவு மறையவில்லை. உங்கள் கமராவின் நினைவக அட்டையிலும் பென் டிரைவிலும் பெரும்பாலும் அதே வம்சத்தைச் சேர்ந்த கோப்பு முறைமையே உள்ளது. அதே 32 பைட் பதிவுகளே உள்ளன. கமரா படங்களுக்கு இடும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். எட்டெழுத்தும் மூன்றெழுத்து விகுதியுமாகவே இருக்கும். அட்டையிலிருந்து ஒரு படத்தை அழித்தால், பெரும்பாலும் அழிவது பேரேட்டின் வரியே. மறியற் போராட்டத்தில் முகம் காட்டியவரின் படத்தை, அவர் கேட்டதற்கிணங்க அவர் கண்முன்னே அழித்துக் காட்டிவிட்டு, அதே அட்டையோடு வீதித்தடையைக் கடப்பவர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அதே அட்டையில் அருமையான படம் தவறுதலாக அழிந்துவிட்டதென்று தலையிற் கைவைத்திருப்பவர்களும் அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: அந்த அட்டையில் மேலும் எதனையும் எழுதாது, உடனே கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்றைய கைத்தொலைபேசிகள் தரவை மறையீடு செய்து வைத்திருக்கின்றன. திண்மநிலைத் தட்டுகள் அழிக்கப்பட்ட இடங்களைத் தாமாகவே துப்புரவு செய்வதும் உண்டு. ஆயினும் ஒரு கருவி 'அழிக்கப்பட்டது' என்று கூறும்போது, எது அழிந்தது, பொருளா பெயரா, என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்று தொற்றிக்கொண்டது. கணனிக்கு வெளியேயும் அதனை விட முடியவில்லை. இந்நாட்டிற் பட்டியல்களிலிருந்து பெயர்கள் நீக்கப்படுவதைச் செய்தியாக்கியே என் தொழில்வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. அத்தாய்மாரிற் சிலர் இன்றும் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் பேசச் செல்லும் இளைய செய்தியாளர்கள் நல்ல கமராக்களுடன் செல்கின்றனர். போகுமுன் புதிய அட்டையொன்றைப் போட்டுக்கொண்டு செல்லுங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லி வருகிறேன்.